தூரத்து டாக்டரே, கொஞ்சம் பக்கத்துல வாரும்

வாரும் டாக்டரே, வாரும். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இந்த மரியாதை. நாளைக்கு விடிஞ்சா பழையபடி 'ஏலே'தான். திண்ணையில உக்காரும். நாற்காலி போடலியேன்னு பாக்காதீரும். இனிமே நீரு போற இடத்துல எல்லாம் நாற்காலிதான் வில்லங்கம், இப்பமே பழகிக்கிடும்.

பஸ் ஸ்டாண்டுல ஒம்ம மாமன் வச்ச பிளக்ஸைப் பாத்தேன். 'கரிசல் மண்ணின் முதல் முனைவரே'ன்னு போட்டு, ஒமக்குக் கறுப்பு அங்கி மாட்டி, தலையில தொப்பியக் கவுத்தி, பக்கத்துல ஒரு சிங்கத்தையும் நிறுத்தியிருக்கான். சிங்கம் நல்லா விழுந்திருக்கு. முதல் முனைவர்ங்கிறதுதான் இடிக்கு. வடக்குத் தெருவுல மட்டும் மூணு பேரு இருக்காக. அதுல ஒருத்தரு ஸ்கூட்டி ஷோரூம்ல பில்லு போடுதாரு. அந்தப் பிளக்ஸைத் தாண்டித்தான் அவரு தெனமும் வேலைக்குப் போகணும். மாமன் அதை யோசிச்சிருக்க மாட்டான்.

சரி, மரியாதை போதும், வாய் வலிக்கு. மொதல்ல ஒங்க அம்மை வாயை அடைலே. எம்மவதான், இருந்தாலும் சொல்லுதேன். தெருக்குழாயடியில நின்னுக்கிட்டு, 'எம்புள்ள காலேஜ் பக்கமே எட்டிப் பாக்காம, வீட்டுல இருந்தபடியே தபால்ல டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டான்'னு பொழுதன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்கா. அவளுக்கு அது பெருமை. அந்தப் பேச்சு ஒரு காலேஜ் செக்ரட்டரி காதுல விழுந்துச்சுன்னு வையி, ஒன் அப்ளிகேஷன் அன்னைக்கே பரணுக்குப் போயிரும். இந்த நாட்டுல தபால்ல டாக்டர் கிடையாதுலே. 2009-லயே யூஜிசி அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டு. 2016-ல போட்ட விதியிலயும் அதையே சொன்னாக, 2022 நவம்பர்ல போட்டதுலயும் சொன்னாக: தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ பிஎச்.டி. நடத்தப்படாது. பகுதி நேரமாப் படிக்கலாம், அதுக்குத் தடையில்ல. நீ படிச்சது அது. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதிக்கிட்டே, மொதலாளிகிட்ட என்.ஓ.சி. வாங்கி, கோர்ஸ் ஒர்க்குக்கு லீவு போட்டு பஸ் ஏறிப் போயி, கைடு முகத்தைக் கமிட்டி கூடுத அன்னைக்கு மட்டும் பாத்துப் படிச்ச படிப்பு. தூரம் என்னமோ தூரந்தான். ஆனா பேப்பர்ல அதுக்குப் பேரு பகுதி நேரம். ஒங்க அம்மையை அதைச் சொல்லச் சொல்லு.

ஒன் சேக்காளி ஒருத்தன், செல்போன்ல விளம்பரத்தைப் பாத்துட்டு, 'வெளிநாட்டு யுனிவர்சிட்டி தாத்தா, எல்லாமே ஆன்லைன், மாசத் தவணை உண்டு'ன்னு குதிச்சுக்கிட்டு வந்தாம்லா? அவனைப் பிடிச்சு நிறுத்து. கம்பெனிக்காரன் வெளிநாட்டு நிறுவனத்தோட கூட்டுச் சேந்து நடத்துத ஆன்லைன் பிஎச்.டி.யை நாங்க ஏத்துக்கிட மாட்டோம்னு யூஜிசியும் ஏஐசிடிஇயும் சேந்து 2022 அக்டோபர்லயே அறிவிப்பு விட்டாச்சு. டாக்டர் பட்டத்துக்குத் தவணை முறைன்னு கேட்டப்பவே எனக்குச் சொரேர்னுச்சு. கட்ட முடியாமப் போனா வீட்டுக்கு வந்து எதைத் தூக்கிக்கிட்டுப் போவான்?

இதெல்லாம் எட்டாங்கிளாஸ்காரனுக்கு எப்படித் தெரியும்னு நினைக்கே. நான் டவுன் காலேஜ் ஆபீஸ்ல அட்டெண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன்லே. எத்தனை வைவாவுக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டு போயிருக்கேன், எத்தனை இண்டர்வியூவுக்குக் கதவைத் தெறந்து மூடியிருக்கேன். உள்ள உக்காந்திருந்தவுகளுக்குப் பாடம் தெரியும். வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்த எனக்கு, வேலை யாருக்குன்னு தெரியும். இப்பவும் பென்சன் விசயம்னு சொல்லிக்கிட்டு அந்த ஆபீஸுக்குப் போயி பேப்பர் வாசிச்சுட்டுத்தான் வாரேன். புதுசா ஒரு சர்க்குலர் வந்தா சூப்பரண்டு என்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் பிரின்சிபால் மேசைக்கே அனுப்புவாரு. அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. ரெண்டு பேருமாச் சேந்து புரிஞ்சுக்கிடுவோம்.

அதனால ஒண்ணு சொல்லுதேன், கேளு. பட்டம் வாங்குன சூட்டோட ஒரு கனத்த ஃபைலு வாங்கு. பதிவு ஆர்டர், என்.ஓ.சி., கோர்ஸ் ஒர்க் மார்க்கு, வைவா நோட்டீஸ், பட்டம் கொடுத்த அறிவிப்பு, எல்லாத்தையும் அதுல போடு. யூஜிசி விதிப்படி கொடுத்த பட்டம்னு யுனிவர்சிட்டியில ஒரு வரி எழுதி வாங்கு. 'அப்புறம் பாத்துக்கிடலாம்'னு இருந்தவன் கதை எனக்குத் தெரியும். 2009 ஜூலை 11-க்கு முன்னால பதிவு பண்ணுனவுக நெட் பரீட்சையில இருந்து தப்பிக்கணும்னா அஞ்சு விசயத்துக்குச் சான்று காட்டணும். பட்டம் ரெகுலர் முறையில வாங்குனது, வெளியாள் ரெண்டு பேராவது தீசிஸைத் திருத்துனது, வைவா எல்லாரும் பாக்க நடந்தது, கட்டுரை ரெண்டு அச்சுல வந்தது, கருத்தரங்குல ரெண்டு வாசிச்சது. ஃபைவ் பாயிண்ட் சர்டிபிகேட்டுன்னு பேரு. அந்த ஒத்தைக் காயிதத்துக்கு யுனிவர்சிட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்புத் தேஞ்சவுக உண்டு. கைடு காலமாயிட்டாரு, கிளார்க்கு மாறிட்டான், ஃபைலைக் கரையான் முடிச்சுட்டு. ஒனக்கு அந்தச் சான்று தேவையில்ல. ஆனா கரையானுக்கு வருசம் தெரியாது பாத்துக்கோ.

தூரத்துல இருந்து முடிச்சோமேன்னு மட்டும் குறுகிப் போகாத. அம்பேத்கர் லண்டன்ல டி.எஸ்ஸி.க்குக் கொடுத்த தீசிஸை, 1923-ல திருத்திக் கொண்டாங்கன்னு திருப்பிக் கொடுத்துட்டாக. அவரு பம்பாய்க்கு வந்துட்டாரு. அங்ஙன இருந்துகிட்டே திருத்தி அனுப்புனாரு, அந்த வருசமே பட்டம் ஆச்சு. அமெரிக்காவுல கொலம்பியா பிஎச்.டி.யும் அப்படித்தான். அச்சடிச்ச புத்தகம் போயிச் சேந்த பெறகுதான், 1927-ல, பட்டம் அவரு கணக்குல ஏறுச்சு. அப்ப அவரு இருந்தது பம்பாய். கப்பல்ல போன தீசிஸ் அதெல்லாம். ஒன்னோடது டவுன் பஸ்ல போச்சு, அம்புட்டுத்தான் வித்தியாசம். ரூபாயைப் பத்தி அவரு எழுதுன அந்த லண்டன் தீசிஸை இன்னைக்கும் எடுத்து வாசிக்காக. ஒன்னோடதை யாரு வாசிப்பாகங்கிறதைப் பெறகு பேசுவோம்.

பெறகு என்ன, இப்பமே பேசிருவோம். 'தூத்துக்குடி மாவட்டத் தீப்பெட்டித் தொழிலாளர்களின் சேமிப்புப் பழக்கம், ஓர் ஆய்வு.' தலைப்பு நல்லாத்தான் இருக்கு. ஒன் ஆபீஸ் பொம்பளைகளுக்கே கொஸ்டினேரைக் கொடுத்து, 'சேமிப்பில் தங்களுக்குள்ள திருப்தி: மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி'ன்னு டிக்கு அடிக்கச் சொன்னியாம். மேலத்தெரு மாரியம்மா என்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, ஒங்க பேரன் கேக்கான், மாசக் கடைசியில கையில எம்புட்டு மிஞ்சுதுன்னு. மிஞ்சுனா நான் ஏன் குச்சி அடுக்குதேன்? எதுக்கு டிக்கு அடிக்கட்டும்?'னு கேட்டா. 'கருத்தில்லை'யில அடிச்சுட்டுப் போன்னேன். அந்த டிக்கு ஒன் டேபிள்ல மூணாவது கட்டத்துல ஒக்காந்திருக்கும். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு, கை ஸ்கொயர் போட்டு, கடைசி அதிகாரத்துல என்ன கண்டுபிடிச்சே? வருமானம் கூடுனா சேமிப்புக் கூடுமாம். மாரியம்மா ஓசியிலயே சொல்லியிருப்பா. அவளுக்கு ஒரு முனைவர் பட்டம் பாக்கி இருக்கு.

கோவிச்சுக்கிடாத. எழுதுனதுல ஒரு நல்ல பக்கம் இருக்கு. கணக்கு மேசையில இருந்ததால ஒனக்கு மட்டும் தெரிஞ்ச விசயம்: கூலி கைக்கு வந்த மறுநாள் குழுக்கடன், அதுக்கு மறுநாள் சீட்டு, அப்புறம் பலசரக்குக் கடைப் பத்துன்னு பணம் போற பாதையை வரிசையா எழுதியிருக்கே. அது புத்தகத்துல கிடையாது. அதை ஏன் அனுபந்தத்துல கொண்டு ஒளிச்சு வச்சே? கைடு சொன்னாரோ? அவருக்கும் பாவம், பேராசிரியர்னா ஒரே சமயத்துல எட்டுப் பேரு வரைக்கும் வச்சுக்கிடலாம், இணைப் பேராசிரியர்னா ஆறு, உதவின்னா நாலு. எட்டுத் தீசிஸுக்கு நடுவுல ஒன் அனுபந்தம் அவரு கண்ணுல படவா போகுது? காப்பி அடிச்சிருக்கானான்னு பாக்குத மிஷின் மட்டும் ஒழுங்கா வாசிச்சிருக்கும். பத்து சதவீதம் வரைக்கும் ஒத்துமை இருந்தா விட்டுரும். நாப்பதுக்கு மேல போனா ஒரு வருசம் தீசிஸைத் திரும்பக் கொடுக்க முடியாது, அறுபதைத் தாண்டுனா பதிவே போயிரும். 2018 விதி. ஒன்னோடது ஏழுல நின்னுச்சுன்னு சொன்னே. அந்த ஏழும் நன்றியுரைன்னு கேள்விப்பட்டேன்.

வைவாவுக்கு நானும் வந்து பின்னால உக்காந்திருந்தேன்லா. பழைய ஞாபகத்துல ரெண்டு தடவை டீத் தட்டைத் தூக்கப் போயிட்டேன். வெளியில இருந்து வந்த பேராசிரியர் மூணு கேள்வி கேட்டாரு. மூணாவது கேள்வி மத்தியானச் சாப்பாடு எங்கங்கிறது. ரெண்டாவது கேள்விதான் கேள்வி: 'ஆண் தொழிலாளர்களை ஏன் எடுத்துக்கலை?' நீ தொண்டையைச் செருமுனே, தண்ணி குடிச்சே, 'வருங்கால ஆய்வுக்கு விட்டிருக்கேன் ஐயா'ன்னே. எல்லாரும் தலையாட்டுனாக. எனக்கும் சந்தோசந்தான். அடுத்து வாரவன் அதை வச்சு ஒரு டாக்டர் வாங்கிருவான். அந்த ஆபீஸ்ல ஆம்பளைக லாரியில பெட்டி ஏத்திக்கிட்டும் டீக்கடையில நின்னுக்கிட்டும் இருப்பாக, பத்து நிமிசத்துல பாத்துச் சொல்லியிருக்கலாம். சால்வை, பழத்தட்டு, பிரியாணி, போட்டோ. நல்லபடியா முடிஞ்சுது. தீசிஸும் இந்நேரம் ஷோத்கங்காவுல ஏறியிருக்கும். குஜராத்துல காந்திநகர்ல இருக்குத இன்ஃபிளிப்நெட்காரங்க பாத்துக்கிடுதாக. ஒலகத்துல யாரு வேணாலும் எறக்கி வாசிக்கலாம். பயப்படாத, யாரும் வாசிக்க மாட்டாக.

இப்பம்தான் விசயத்துக்கு வாரேன். படிப்பைத் தூரத்துல இருந்து முடிச்சுரலாம். வேலையைத் தூரத்துல இருந்து வாங்க முடியாதுலே. முழுநேரமாப் படிச்ச பய என்ன செஞ்சான்? அஞ்சு வருசம் டிபார்ட்மெண்டு வராந்தாவுல நின்னான். வாத்தியாருக்கு உடம்பு சரியில்லாத அன்னைக்கு வகுப்புக்குப் போனான். கருத்தரங்குக்கு வந்தவுகளை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்தான். எந்தக் காலேஜ்ல யாரு மே மாசம் ரிட்டயர் ஆகுதாகங்கிறது அவனுக்கு விரல் நுனியில. ஒன்னைவிட அவன் அறிவாளின்னு சொல்ல மாட்டேன். ஆனா அவன் மூஞ்சி நாலு பேருக்குத் தெரியும். ஒன் மூஞ்சி தெரிஞ்சது கைடுக்கு, கைடு வீட்டு நாய்க்கு. கருவேப்பிலையும் சீவலப்பேரிக் கத்திரிக்காயும் கொண்டுபோயி அந்த நாயை மட்டும் நல்லாப் பழக்கி வச்சிருக்கே.

உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கோ. மீனாட்சிசுந்தரம் பிள்ளை எங்க போனாலும் கூடவே போயி, பக்கத்துல இருந்து படிச்சவரு. பட்டம்னு கையில ஒண்ணும் கிடையாது. 1880-ல கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியார் வேலை எப்படி வந்துச்சு? அங்ஙன வேலை பாத்த தியாகராச செட்டியாரும் பிள்ளைகிட்டப் படிச்சவரு. தான் வெலகுத எடத்துக்கு இவரைத்தான் போடணும்னு அவரு ஒத்தைக் கால்ல நின்னாரு. டாக்டர் பட்டம் எப்ப வந்துச்சு தெரியுமா? 1932-ல, சென்னைப் பல்கலைக்கழகம் தானா வந்து கொடுத்துச்சு. மொதல்ல வேலை, அம்பத்திரெண்டு வருசம் கழிச்சு டாக்டர். நீ தலைகீழாப் போயிருக்கே. ஒனக்கும் அம்பத்திரெண்டு வருசம் ஆயிரப்படாதேன்னுதான் இவ்வளவு பேசுதேன்.

ஒன்னை மாதிரி வேலை பாத்துக்கிட்டே படிச்சவரு வேணும்னா மு.வரதராசனைப் பாரு. தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவரு. தானாப் படிச்சுப் படிச்சுப் பரீட்சை எழுதி, 1948-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல டாக்டர் ஆனாரு. பெறகு மதுரைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர். ஆனா ஒண்ணு, டாக்டர் ஆகுததுக்குப் பல வருசம் முந்தியே பச்சையப்பன் காலேஜ்ல கரும்பலகை முன்னால நின்னுட்டாரு. நம்ம இடைசெவல் கி.ராஜநாராயணன் இருந்தாரே, பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவரு, அவரை 1989-ல புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராப் போட்டுச்சு. ஒனக்கும் அப்படிக் கூப்பிட்டு விடுவாகன்னு காத்திருக்காத. அதுக்கு மொதல்ல கோபல்ல கிராமம் எழுதியிருக்கணும்.

இது பழங்கதைன்னு நினைச்சா, புதுக்கணக்கைப் பாரு. 2019-ல டிஆர்பி, அரசுக் கலைக் கல்லூரிக்கு 2,331 உதவிப் பேராசிரியர் எடுக்கப் போறோம்னு அறிவிச்சுது. அதுல மார்க்கு எப்படிப் போட்டாக தெரியுமா? வகுப்பெடுத்த அனுபவத்துக்கு வருசத்துக்கு ரெண்டு மார்க்கு, மொத்தம் பதினஞ்சு வரைக்கும். பிஎச்.டி.க்கு ஒம்பது. நீ கண்ணு முழிச்சு எழுதுன அம்புட்டுப் பக்கமும் சேந்து ஒம்பது மார்க்கு. ஏழரை வருசம் சுண்ணாம்புக் கட்டியைப் பிடிச்சு நின்னவனுக்குப் பதினஞ்சு. ஏழரைன்னதும் சிரிக்காத, அது நானாப் போட்ட கணக்கில்ல, வகுத்துப் பாரு. 2024-ல 4,000 இடம்னு அறிவிச்சப்ப முறையை மாத்தி எழுத்துத் தேர்வு வச்சுட்டாக. ஆகவே பிஎச்.டி. முடிச்சவனும் மறுபடி ஹால் டிக்கெட்டோட போயி உக்காரணும். பழைய புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுறாத.

யூஜிசி மட்டும் ஒரு பேச்சுல நிக்குமா? 2018-ல சொன்னாக, 2021 ஜூலையில இருந்து யுனிவர்சிட்டி உதவிப் பேராசிரியருக்கு பிஎச்.டி. கட்டாயம்னு. நீ அதை நம்பித்தான் படிக்கவே எறங்குனே. அப்புறம் 2023-க்குத் தள்ளி வச்சாக. 2023 ஜூலை 1 வந்துச்சு, நெட்டோ செட்டோ ஸ்லெட்டோ போதும், பிஎச்.டி. இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னுட்டாக. பிஎச்.டி. வச்சிருக்கவன் நெட் எழுத வேண்டாம்ங்கிற சலுகை இன்னும் இருக்கு. ஒன் பட்டத்தோட நேரடிப் பலன் இன்னைக்கு அது ஒண்ணுதான். அதைக் குறைச்சுச் சொல்லல. எம்.காம்.ல அம்பத்தஞ்சு சதவீதம் இருக்குல்லா? அது இல்லேன்னா டாக்டரும் உதவாது. அதை மொதல்லயே பாத்துட்டுத்தான் சேந்தேன்னு சொல்லு, எனக்கு மாரு வலிக்கு.

சம்பளத்தைக் கேளு. நிரந்தர வேலைன்னா ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700, அதுக்கு மேல பஞ்சப்படி, வீட்டுப்படி. அந்தக் கதவுக்கு முன்னால ஒரு பெரிய வரிசை நிக்கு. அந்த வரிசைக்குப் பேரு கௌரவ விரிவுரையாளர். நம்ம அரசுக் கலைக் கல்லூரியில அவுகளுக்கு மாசம் 25,000, வருசத்துல 11 மாசம். மே மாசம் வாத்தியார் பிள்ளைகளுக்குப் பசிக்காது போல. ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாசம் 50,000 வரைக்கும் கொடுக்கலாம்னு 2019-லயே யூஜிசி எழுதி வச்சிருக்கு. அதைக் கேட்டுத்தான் அவுக கேட்டு முன்னால உக்காந்து கோஷம் போடுதாக. தனியார் சுயநிதிக் காலேஜ்ல இதைவிடக் குறைச்சுக் கையில கொடுத்துட்டு, அட்மிஷன் சீசன்ல ஊர் ஊராப் போயி பிள்ளை பிடிச்சுட்டு வரச் சொல்லுத எடமும் உண்டு. டாக்டர்னு கார்டு அடிச்சு வச்சிருக்கவன் பிளஸ் டூ பிள்ளைக வீட்டு வாசல்ல நோட்டீஸோட நிப்பான். நீ தீப்பெட்டி ஆபீஸ்ல என்ன வாங்குதேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லுதேன், சம்பளத்துக்காக மாறுதேன்னு எவன்கிட்டயும் சொல்லாத, சிரிப்பான். பாடம் நடத்தணும்னு ஆசை இருந்தா மட்டும் மாறு.

அப்புறம் இந்த ஜர்னல் வியாபாரி. தெனமும் ஒனக்கு மெயில் வருமே, 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் கட்டுரையை மூன்று நாளில் வெளியிடுகிறோம்'னு. ஒன்னைப் பேராசிரியர்னு மொதல்ல கூப்பிட்டவன் அவன்தான், அந்த நன்றி இருக்கட்டும். பணத்தை மட்டும் கட்டிறாத. 2018 மே மாசம் யூஜிசி தன் பட்டியல்ல இருந்து 4,305 ஜர்னலை ஒரே வீச்சுல தூக்குச்சு. அதுல பணங்கட்டிப் போட்டவன் கட்டுரை எல்லாம் நடுத்தெருவுல நின்னுச்சு. பெறகு கேர் பட்டியல்னு ஒண்ணு கொண்டாந்தாக, 2025-ல அதையும் வேண்டாம்னுட்டாக. இப்பம் நல்லது கெட்டது பாக்க வேண்டியது ஒங்க பொறுப்புன்னு சொல்லிட்டாக. தீசிஸ் கொடுக்கக் கட்டுரை கட்டாயம்ங்கிறதையும் 2022-ல எடுத்தாச்சு. ஆனா இண்டர்வியூவுல கேப்பாக. அனுபந்தத்துல ஒளிச்சு வச்சியே, அந்தக் கூலிப் பணம் போற பாதை, அதை வெளிய எடு. ஒழுங்காத் திருத்தி ஒரு நல்ல ஜர்னலுக்கு அனுப்பு. வருசம் ஒண்ணு ஆகட்டும், திருப்பி அனுப்பட்டும், மறுபடி எழுது. அதையே தமிழ்ல சுருக்கி எழுதி மாரியம்மாகிட்ட வாசிச்சுக் காட்டு. தப்பு இருந்தா அவ சொல்லிருவா, அவளைவிடக் கண்டிப்பான எக்சாமினர் ஒனக்குக் கிடைக்க மாட்டாக.

இண்டர்வியூவுக்கு உள்ள கூப்பிடுதாகன்னு வையி. மாட்டுத்தாவணியில போட்டோவைப் பாத்து மாடு வாங்குனவன் உண்டா? பல்லைப் பிடிச்சுப் பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான். அங்ஙனயும் அதேதான். ஃபைலைப் பெரட்டுவாக, அப்புறம் 'எங்க, ஒரு பத்து நிமிசம் பாடம் எடுங்க'ம்பாக. அங்கதான் ஒன்னை மாதிரித் தூரத்து டாக்டர் கவுந்து போறது. நான் கதவு இடுக்கு வழியாப் பாத்திருக்கேன். தீசிஸைப் பத்திக் கேட்டா மழையாக் கொட்டுதான், பி.காம். மொதல் வருசப் பையனுக்குப் பற்று வரவு சொல்லுன்னா முழிக்கான். கரும்பலகையைப் பாத்துப் பேசுதான், பிள்ளைகளைப் பாக்க மாட்டேங்கான். முன்னால உக்காந்திருக்கது பேராசிரியர்களாச்சேன்னு இங்கிலீசுலயே போறான். நம்ம காலேஜ்ல வந்து உக்காருதது யாரு? அப்பன் பம்புசெட்டு, அம்மை குச்சி அடுக்குதா. அந்தப் பிள்ளைக்குப் புரியுத மாதிரி சொல்லத் தெரிஞ்சவனைத்தான் ஒரு நல்ல பிரின்சிபால் தேடுவாரு. கெட்ட பிரின்சிபால் வேற ஒண்ணைத் தேடுவாரு, அதுக்கு நம்ம வயக்காடு பத்தாது. அந்தப் பக்கமே போகாத. பணம் கேட்ட எடத்துல இருந்து எந்திரிச்சு வந்துரு.

டாக்டர்னு பேருக்கு முன்னால போட்டாச்சுல்லா, ஊர்க்காரங்க சும்மா விட மாட்டாக. முதியோர் பென்சன் மனு எழுத, பட்டா மாறுதலுக்கு எழுத, ரேசன் கார்டுல பேரு சேக்கன்னு வாசல்ல வந்து நிப்பாக. மூஞ்சியைத் திருப்பாத. எழுதிக் கொடு. புரியலைங்கிற ஆளுக்கு எதுக்க உக்காந்து, அவன் தலை ஆடுத வரைக்கும் ஒரு விசயத்தைச் சொல்லிக் கொடுத்துப் பழகு. காசு வாங்காம ஒனக்கு வகுப்பெடுக்கப் பழக்கிவிடுத ஊரு இது. அஞ்சு வருசமா அதை விட்டுட்டு மெத்தையில லேப்டாப்போட இருந்துட்டே.

ஆர்டர் கைக்கு வாராம தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுறாத. மொதலாளிகிட்டப் போயி, வாரத்துல ரெண்டு நாளு மத்தியானத்துக்கு மேல அனுமதி கேளு. பிஎச்.டி.க்கு என்.ஓ.சி. கொடுத்த மனுசன் இதுக்கும் தலையாட்டுவாரு. தன் ஆபீஸ்ல ஒரு டாக்டர் கணக்கு எழுதுதாருன்னு சிவகாசி வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. டவுன் காலேஜ்ல சாயங்கால வகுப்புக்கு காமர்ஸ் ஆள் கிடைக்காம பிரின்சிபால் தவிச்சுக்கிட்டு இருக்காரு, போன வாரம் சூப்பரண்டு சொன்னாரு. சம்பளம் சொல்லிக்கிடுத மாதிரி இருக்காது. மணிக்கணக்குல கொடுப்பாக. ஆனா அனுபவச் சான்று எழுதிக் கொடுப்பாக, நான் கேட்டு வச்சுட்டேன். பத்து மணிக்குப் பிரின்சிபால் ரூம்ல இருப்பாரு, பதினொண்ணுக்கு மீட்டிங்னு கெளம்பிருவாரு. மெயில் கியில் அனுப்பிக்கிட்டு இருக்காத. திங்கக்கிழமை ஃபைலை எடுத்துக்கிட்டு நேர்ல போயி நில்லு.